முதுகைத் திருப்பிக் குதிக்கச் சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாவட்ட அளவில் வெல்லும் மாணவர்கள் மாநிலப் போட்டியில் பின்தங்குவதற்கு, புதிய உத்தியைக் கற்க அவர்கள் மறுப்பதே காரணம் என்று பயிற்சியாளர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. உயரம் தாண்டுதலில் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தவன் என்ற முறையில், குறை மாணவரிடம் மட்டும் இல்லை என்பேன்.

கால்களைக் கத்தரிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிக்கு மேல் வீசித் தாண்டும் சிசர்ஸ் முறையில் 1.65 மீட்டர் தாண்டிக்கொண்டிருந்த ஒரு மாணவனை, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளுக்கு ஐந்து வாரமே இருந்தபோது, முதுகு கம்பியை நோக்கியிருக்கத் தாண்டும் ஃபாஸ்பரி முறைக்கு மாறும்படி வற்புறுத்தினேன். வளைந்து ஓடிவரும் அடிகளும் எம்பும் இடமும் பிடிபடாததால் 1.50 மீட்டரிலேயே கம்பி விழுந்தது. தனக்குப் பரிசு வாங்கித் தந்த முறையை நான் பறித்துவிட்டதாக அவன் எண்ணினான். அந்த ஆண்டோடு மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அது இன்றும் என்னை வருத்துகிறது.

அந்த முறைக்குப் பெயர் தந்த அமெரிக்க வீரர் டிக் ஃபாஸ்பரியையே எடுத்துக்கொள்வோம். ஒரேகான் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவருடைய பயிற்சியாளராக இருந்த பெர்னி வாக்னர், தொடக்கத்தில் அவரைப் பழைய முறைக்குத் திருப்பவே முயன்றார். ஆனால், போட்டிகளில் அவர் தம் விருப்பப்படி தாண்டுவதைத் தடுக்கவில்லை. பின்னர் அந்தத் தாண்டலைப் படமெடுத்துப் பார்த்து, கம்பிக்கும் உடலுக்கும் இடையே இருந்த இடைவெளியைக் கண்ட பிறகு, மாறியவர் பயிற்சியாளரே. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஃபாஸ்பரி 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பத்து ஆண்டுகள் கழித்தும், சோவியத் வீரர் விளாதிமிர் யாஷ்செங்கோ வயிறு கம்பியை நோக்கியிருக்கத் தாண்டும் பழைய ஸ்ட்ராடில் முறையிலேயே 2.34 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார் என்பதால், மாணவர் தயங்குவதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

வாக்னருக்குப் படச்சுருள் தேவைப்பட்டது. இன்று கைபேசியே போதும். மாணவரின் தாண்டலைப் பதிவுசெய்து, இடுப்பு எங்கே கம்பியில் படுகிறது என்பதை அவரே காணும்படி செய்ய வேண்டும். மாற்றத்தைப் போட்டிகள் முடிந்த பிறகே தொடங்கி, முதலில் உயரம் குறையும் என்று மாணவரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லி, புதிய முறை கைவரும்வரை போட்டிகளில் பழைய முறையையே அனுமதிக்க வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்பாக ஃபோம் மெத்தை வேண்டும். மணல் குழியில் முதுகும் தோளும் பட விழும்படி ஒரு சிறுவனிடம் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியிலாவது தரமான மெத்தை அமைத்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் மாணவர்களும் அங்கே பயிற்சி பெற அரசு வழிசெய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
சேலம் மாவட்டம்.