மேலுக்குத் தடவுவதுதானே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மூட்டுவலிக் கட்டுரையில், மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், அதனால் ஜெல், தைலம் தடவுவது மேல் என்று எழுதியிருந்தீர்கள். தப்பில்லை. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை ஜெல்லாகத் தடவினால், மாத்திரையாக விழுங்கும்போது ரத்தத்தில் சேர்வதில் ஏறத்தாழ 6 சதவீதம்தான் சேரும். ஆனால் கட்டுரை அதோடு முடிந்துவிட்டது. எங்கள் வீட்டு வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

என் மாமியாருக்கு 74 வயது. போன மார்கழியில் ஒரு ராத்திரி முழங்காலில் ஜெல்லை அழுத்தித் தேய்த்து, மேலே கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் வெந்நீர்ப் பையையும் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். காலையில் பிரித்தால் தோல் செக்கச்செவேல் என்று இருக்கிறது, நடுவில் இரண்டு கொப்புளம். வெந்நீர் சுட்டுவிட்டது என்றே நினைத்தோம். டாக்டர் டியூபைத் திருப்பிப் படித்தார்: மெத்தில் சாலிசிலேட் 10 சதவீதம், மென்தால் 5 சதவீதம். கட்டுப் போட்டு மூடினாலோ சூடு வைத்தாலோ மருந்து வேகமாக உள்ளே இறங்கும், தோலும் வெந்துபோகும் என்றார். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இப்படிப்பட்ட தீக்காயங்கள் பற்றி 2012-லேயே எச்சரித்திருக்கிறது. தைலம் என்றாலே கூடவே ஒத்தடம் என்று பழகிய நமக்கல்லவா இதை முதலில் சொல்ல வேண்டும்?

டாக்டர் அதோடு விடவில்லை. துணைக்கு வந்திருந்த மாமனாரிடம், "நீங்களும் ஏதாவது தடவுறீங்களா?" என்று கேட்டார். இதய வால்வு மாற்றியதிலிருந்து அவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். இடுப்புக்கு, ஊட்டியில் வாங்கிய விண்டர்கிரீன் தைலம். அந்தத் தைலம் கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் பங்காளி. தாராளமாகத் தடவினால் வார்ஃபரினின் வேகம் கூடி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாமாம். இத்தனை வருடத்தில் எந்த டாக்டரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. கேட்டால், "மேலுக்குத் தடவுறதுதானே, உள்ளுக்கா சாப்பிடுறேன்?" என்கிறார்.

அந்தப் பாட்டில் அதுவரை டிவி ஸ்டாண்டில், என் பேரனின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் விழுங்கியதற்குச் சமம் என்று கேட்டபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

எங்கள் டியூபில் எச்சரிக்கை இல்லாமல் இல்லை; ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருக்கிறது. கட்டுரையாளர் அடுத்த இதழில் அரைப் பக்கமாவது இதற்கு ஒதுக்கித் தமிழில், பெரிய எழுத்தில் போட்டால், கத்தரித்து மருந்து டப்பாவில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.