ஊசியை மட்டும் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரெக்கார்டு பிளேயரில் ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின் சமிக்ஞையாக மாற்றும் கார்ட்ரிட்ஜ்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்களைப் போன்ற ரெக்கார்டு பைத்தியங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் விலை ஏற ஏற ஒலி கூடும், கையில் இருக்கும் காசை முதலில் கார்ட்ரிட்ஜில் போடுங்கள் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. இதே புத்திமதியைக் கேட்டு ஒரு தடவை நன்றாகச் சூடு பட்டவன் நான்.

ஆசை ஆசையாகக் காசு சேர்த்து ஒரு மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் வாங்கினேன், ஊசியோடு சேர்ந்து குட்டிக் காந்தம் அசைகிற வகை. ஊசியைத் தாங்கும் கேன்டிலீவர் ரொம்ப மிருதுவாக, லேசாகத் தொட்டாலே அசைகிற ரகம். கார்ட்ரிட்ஜை நுனியில் தாங்கும் கையான என் டோன் ஆர்மோ கனத்தில் பழைய காலத்து உலக்கை. மாட்டி ஓடவிட்டால், லேசாக நெளிந்த ரெக்கார்டு வரும்போதெல்லாம் ஸ்பீக்கரின் கூம்பு சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் மூச்சு வாங்குகிறது, ஊசி இரண்டு இடத்தில் குதித்தே விட்டது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் வெறுத்துப்போய் நண்பர் ஒருவருக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டு ஆர்ம் எடை குறைந்தது. அங்கே போய்க் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை, அதே கார்ட்ரிட்ஜ் அப்படிப் பாடுகிறது!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த எடை ஒரு பக்கம், ஊசியின் நெகிழ்வு ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து ஸ்பிரிங்கில் தொங்கும் குண்டு மாதிரி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தானாக ஆடும். அந்த ஆட்டம் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். அதற்குக் கீழே போனால் ரெக்கார்டின் நெளிவே அதை ஆட்டிவிடும், மேலே போனால் பாட்டின் அடிநாதத்தில் கை வைக்கும். டெனான் டிஎல்-103 என்ற மூவிங் காயில் (காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் ஒலிபரப்பு நிலையங்களுக்காக உருவானது, ஊசியும் சாதாரண கூம்பு வடிவம்தான். ஆனால் விறைப்பானது, அதனால் கனமான ஆர்ம் கேட்கும். என் உலக்கைக்கு அதுதான் பொருத்தம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

இன்னொரு விஷயம், ஒப்பிட்டுக் கேட்பது. மூவிங் மேக்னெட் தரும் சமிக்ஞை சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட், மூவிங் காயில் பலவும் 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான். வால்யூமைச் சரிசமமாக வைக்காமல் மாற்றி மாற்றிக் கேட்டால், கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் நம் காதுக்கு நல்லதாகத் தெரியும். நண்பர்கள் கூடி விடிய விடிய வாதாடும் பாதி சண்டை இதில் வந்ததுதான் என்பது என் அபிப்பிராயம், நானும் அதில் நிறையக் கத்தியிருக்கிறேன்.

காசு எங்கே போக வேண்டும் என்று கேட்டால், ஊசியின் முனைக்கு என்பேன், மரத்திலும் கல்லிலும் இழைத்த கார்ட்ரிட்ஜ் கூட்டுக்கு இல்லை. 12 அங்குல எல்பியின் வெளி ஓரத்தில் பள்ளம் நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, கடைசிப் பாட்டுக்கு வரும்போது அது 21க்கு இறங்கிவிடும். அதே ஸ்வரம், பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். கூம்பு முனையால் அந்த இடுக்குகளுக்குள் சரியாகப் போக முடியாது, அதனால்தான் கடைசிப் பாட்டில் ‘ஸ’ எல்லாம் ‘ஷ்ஷ்’ என்று கரகரக்கிறது. ஷிபாடா போன்ற முனைகள் அங்கே நிஜமாகவே வித்தியாசம் காட்டும். 1970களில் நான்கு சேனல் ரெக்கார்டுகளுக்காக, 45 கிலோஹெர்ட்ஸ் வரை படிக்க வேண்டும் என்று வடித்த முனை அது. ஆனால் ஒன்று, அந்த மாதிரி முனை கோணம் கொஞ்சம் தவறினாலும் பொறுக்காது. அளவு அட்டையை வைத்து கார்ட்ரிட்ஜை மாட்டியிருக்கும் ஹெட்ஷெல்லின் திருகை இம்மி இம்மியாக நகர்த்த ஒரு மாலைப்பொழுது பொறுமை இல்லாதவர்கள் சாதாரண நீள்வட்ட முனையோடு நிற்பதே மேல்.

கடைசியாக, கட்டுரையில் அப்பட்டமாகத் தவறான ஒரு வரி. ரெக்கார்டு தேயாமல் இருக்க ஊசியின் அழுத்தத்தை முடிந்தவரை குறைத்து வையுங்கள் என்று இருக்கிறது. ஐயா, அழுத்தம் போதாத ஊசி சத்தமான இடங்களில் பள்ளத்தின் சுவரை விட்டு எழும்பி மறுபடி வந்து இடிக்கும், அந்தக் காயம் அப்புறம் எந்த ஊசி போட்டாலும் போகாது. தயாரிப்பாளர் 1.8 முதல் 2.2 கிராம் என்று சொன்னால் 2 கிராமோ கொஞ்சம் கூடவோ வைப்பதுதான் ரெக்கார்டுக்குப் பாதுகாப்பு. இந்த ஒரு வரியை மட்டுமாவது அடுத்த வாரம் திருத்திப் போடுங்கள், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே எத்தனை பேர் எடையைக் குறைத்து வைத்தார்களோ.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்