ஞாயிற்றுக்கிழமை கடைசி வண்டியை நிறுத்தாதீர்கள்

மலைத் தடங்களில் எந்த வண்டி எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் கார் இல்லாதவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஏதாவது ஒரு மலை ஊருக்குப் போய், அங்கிருந்து நடந்து, மாலை கடைசி பஸ்ஸில் கீழே இறங்குகிற சின்னக் கூட்டத்தில் ஒருவன். ஆறேழு பேர் இருப்போம், சில வாரம் பிள்ளைகளும் வருவார்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஞாயிறு மாலை மலையிலிருந்து இறங்கும் கடைசி வண்டியை நிறுத்தாதீர்கள். வேறு வழியே இல்லாமல் நிறுத்தினால், அதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்தத் தடம், எந்தப் பணிமனை என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் விளக்கம் கேட்டு மெமோ போகும், அது கடைசியில் ஓர் ஓட்டுநர் தலையிலோ நடத்துநர் தலையிலோ போய் விழும். அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அவ்வளவு வளைவிலும் பெரிய வண்டியைத் திருப்பி ஏற்றும் கைகளை முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வழியில் கை காட்டுகிறவர்களை விட்டுவிட்டுப் போக மனம் வராத மனிதர்கள் அவர்கள். நான் பேசுவது அவர்களுக்கு வண்டியைக் கொடுப்பவர்களிடம்.

ஆனி மாதம், ஆடி பிறப்பதற்கு முந்தைய கடைசி ஞாயிறு. காலை முதல் பஸ்ஸில் ஏறினோம். அன்றைக்கு ஏழாவது படிக்கும் என் மகளும் வந்திருந்தாள். ஒரு கிராமத்தில் இறங்கி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகும் ஊர்ப்பாதையில் நடந்து, இரண்டு ஓடை தாண்டி, அடுத்த கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. கடைசி வண்டி 5.40-க்கு. அதற்காகவே கொஞ்சம் வேகமாக நடந்தோம்.

நிறுத்தத்தில் ஏற்கெனவே பதினைந்து பேர் இருந்தார்கள். நேரப்பலகை ஒன்று உண்டு, ஆனால் அதன் மேல் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டியிருந்தது. ஒரு பாட்டி இரண்டு பலாப்பழங்களைச் சும்மாட்டுத் துணியோடு கீழே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடிகாலைச் சந்தைக்குக் கொண்டுபோவதற்காக. இரவு கீழே மகள் வீட்டில் தங்கிவிட்டுப் போவாராம். 5.40 ஆனது, ஆறு ஆனது. "வண்டி வந்தா மூணாவது வளைவுலயே சத்தம் கேட்டுரும் தம்பி" என்றார். அதன்பிறகு நாங்கள் எல்லோருமே பேச்சைக் குறைத்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்தபடி இருந்தோம். பைக் வந்தது. வெளியூர் கார்கள் வந்தன, பாட்டுச் சத்தத்தோடு போயின. பஸ் வரவில்லை.

ஆறரைக்கு டீக்கடைக்காரர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "இன்னைக்கு ட்ரிப் கட். கடைசி முகூர்த்தம்ல, வண்டியைக் கீழ ஸ்பெஷலுக்கு அனுப்பிட்டாங்களாம்." அது எவ்வளவு தூரம் உண்மை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே இருந்த யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பாட்டி இரண்டு பழங்களையும் முகர்ந்து பார்த்தார். ஒன்று இன்னும் ஒரு நாள் தாங்கும், மற்றது தாங்காது. கடையில் அரிவாளும் கொஞ்சம் எண்ணெயும் வாங்கி, கையில் தடவிக்கொண்டு, அந்த நிறுத்தத்திலேயே பழத்தைப் பிளந்தார். காத்திருந்த எல்லோருக்கும் சுளை எடுத்துக் கொடுத்தார். என் மகளுக்கு முதலில். நான் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். சந்தையில் கிடைப்பதில் பாதிகூட இருக்காது. பிறகு மிச்சப் பழத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

நாங்கள் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு குட்டியானையில் கெஞ்சி ஏறினோம். பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்துவிட்டு, பெரியவர்கள் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இருட்டில், ஒவ்வொரு வளைவிலும் மூட்டைகள் எங்கள் மேல் சாய்ந்தன. சரக்கு வண்டியில் ஆள் ஏறக்கூடாது என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கீழே இறங்கியதும் என் மகள் கேட்டாள், "அடுத்த தடவை யார்கிட்டயாவது கார் வாங்கிட்டு வரலாமாப்பா?"

ஒரு ட்ரிப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

மலைக்குக் கார் குறைய வேண்டும் என்று இன்று அரசும் சொல்கிறது, நீதிமன்றமும் சொல்கிறது. 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற எண்ணிக்கையும் வந்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதன் அர்த்தம், பஸ்ஸில் வாருங்கள் என்பதுதானே? வந்தோம். திரும்பிப் போகத்தான் வண்டி இல்லை.

பஸ்ஸில் போய் நடப்பதில் காருக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. காரில் போனவர் எங்கே நடந்தாலும் கார் நிற்கும் இடத்துக்கே திரும்பி வர வேண்டும். பஸ்ஸில் போனவர் ஓர் ஊரில் இறங்கி, மலையைத் தாண்டி, வேறோர் ஊரில் ஏறலாம். கொடைக்கானல் வட்டக்கானலில் தொடங்கி வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய பாதையை நினைத்துப் பாருங்கள். மேலே ஒரு பஸ், கீழே பெரியகுளத்தில் ஒரு பஸ், நடுவில் முழுக்க நடை. மலைச்சனங்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் போய் வந்திருக்கிறார்கள். அனுமதி வேண்டிய இடத்தில் வனத்துறை அனுமதி வாங்கித்தான் நடக்கிறோம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த பிறகு அதில் விளையாட யாருக்கும் உரிமை இல்லை. அரசே 2024-இல் மலையேற்றத்துக்கு 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் போட்டது. நல்ல காரியம். அந்தப் பாதைகள் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் பஸ்ஸைச் சேர்த்து யோசித்தால் இன்னும் எத்தனை பேர் வருவார்கள்!

நடப்பவர்களுக்காக வண்டி விடுவது உங்களுக்குப் புதிதும் இல்லை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே வந்து சேரும் கூட்டத்துக்கு எத்தனை ஊர்களிலிருந்து சிறப்புப் பேருந்து விடுகிறீர்கள்! தைப்பூசத்துக்குப் பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் போகும்போது நடக்கிறார்கள், வரும்போது பஸ் ஏறுகிறார்கள். அவ்வளவு பேரைக் கொண்டுபோய்க் கொண்டுவரத் தெரிந்த உங்களால் பதினைந்து பேர் நிற்கும் ஒரு நிறுத்தத்துக்கு ஒரு வண்டி அனுப்ப முடியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. கீழே வண்டி போதவில்லை என்றால் முதலில் மலை வண்டியைக் கழற்றுவது எந்த நியாயம்? கீழே ஒரு ட்ரிப் போனால் அரை மணியில் அடுத்தது வரும். மேலே ஒரு ட்ரிப் போனால் அந்த நாளே போய்விட்டது. மலைப்பகுதிப் பெண்களுக்கும் கட்டணமில்லாப் பயணம் என்று அறிவித்தபோது மனதாரச் சந்தோஷப்பட்டவன் நான். வராத வண்டியில் அந்தப் பாட்டி எப்படி ஏறுவார்? அங்கே ரோட்டை அகலப்படுத்தப் பணம் இருக்கிறது, கார் நிறுத்த இடம் சமன் செய்யப் பணம் இருக்கிறது, ஒரு நேரப்பலகைக்குப் பெயிண்ட் அடிக்க மட்டும்...

மன்னிக்கவும். கோபத்தில் எங்கேயோ போகிறேன். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஞாயிறு மாலைக் கடைசி வண்டியை நிறுத்தாதீர்கள். முகூர்த்தமோ திருவிழாவோ, மலையில் கைவைப்பதற்கு முன் வேறெங்காவது பாருங்கள். வண்டி பழுதாகி ஸ்பேர் பஸ்ஸும் கிடைக்காத நாள் வரலாம், புரிகிறது. அப்படியென்றால் காலை முதல் வண்டி நடத்துநரிடம் சொல்லி அனுப்புங்கள், அவர் டீக்கடையில் சொன்னால் மதியத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். நாங்கள் நடையைச் சுருக்கிக்கொண்டு முந்தைய வண்டிக்கே வந்துவிடுவோம். பாட்டியும் பழத்தை மத்தியானமே இறக்கிவிடுவார். அப்புறம், அந்த நேரப்பலகை. சுவரொட்டியை நாங்களே கிழித்துச் சுத்தம் செய்து தருகிறோம். சரியான நேரத்தை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

இந்த ஞாயிறும் வருகிறோம். என் மகளையும் சமாதானம் செய்து கூட்டி வருகிறேன். 5.40-க்கு அதே நிறுத்தத்தில் இருப்போம். தயவுசெய்து வண்டியை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பஸ்ஸில் வந்து மலையில் நடக்கும் ஒருவன்