அது 'சித்தரிப்புப் படம்' அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெண்கள் பாதுகாப்புக் கட்டுரைக்கு நடுவே, நீலப்பச்சை உடையில் நிற்கும் ஒரு பெண்ணின் ஓவியத்தைப் போட்டு, கீழே 'சித்தரிப்புப் படம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.

அவர் பிரியானா டெய்லர். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், நள்ளிரவு தாண்டி வீட்டுக்குள் புகுந்த போலீசார் சுட்டதில் இறந்தவர். வயது 26. வரைந்தவர் ஏமி ஷெரால்ட். விரலில் தெரிகிறதே மோதிரம், அது காதலர் கொடுக்க வைத்திருந்தது. போட்டுக்கொள்ள அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவைக்கவில்லை. இரண்டு அருங்காட்சியகங்கள் கூட்டாக வாங்கிப் பாதுகாக்கும் படம் இது. தங்களுக்குத் தெரியாதது அல்ல. பெயர் போட இடம் போதவில்லை போலும்.

இது முதல் தடவையும் அல்ல. 2018-ல் இதே ஷெரால்ட் வரைந்த மிஷெல் ஒபாமா படம் திறக்கப்பட்டபோது, முகம் ஏன் சாம்பல் பூத்திருக்கிறது என்று துணுக்குப் பகுதியில் கேலி செய்தீர்கள். கறுப்பின மக்களின் தோலை அவர் சாம்பல் நிறத்தில்தான் தீட்டுவார். நிறத்தை வைத்து ஆளை முடிவுகட்டாதே என்பதற்காக. விளக்கி எழுதினேன், வெளியிடவில்லை. அதே வருடம் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலின் ஓவியம் 2 கோடியே 11 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. விலையைக் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். கறுப்பினக் குடும்பம் ஒன்று நீர்க்கரையில் ஓய்வாகப் பொழுதைப் போக்கும் படம் அது என்று ஒரு வரி இல்லை. அச்சில் முகங்களெல்லாம் மைத்திட்டு வேறு. ஐவரி, கார்பன், மார்ஸ் என்று கறுப்பிலேயே மூன்று வகை வைத்துத் தீட்டுகிற மனிதர் அவர்! போன் செய்தால், "டார்க் படம்னா அப்படித்தான் சார் வரும்" என்றார்கள்.

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். உன்னையே வரை என்றால், என்னைப் போலக் கறுத்த பிள்ளைகளும் முகத்துக்கு இளஞ்சிவப்பு கிரேயானைத்தான் தேடும். ஏன் என்று ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டேன். "அழகா இருக்கணும்ல சார்" என்றாள். உங்கள் அட்டைப்படங்களைப் பார்த்து வளரும் பிள்ளை வேறென்ன சொல்லும்?

சரி, நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் இரண்டு வரி: படத்தில் இருப்பவர் பெயர், வரைந்தவர் பெயர். 'வருந்துகிறோம்' கூட வேண்டாம். சந்தாவை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டவும் வழியில்லை. ஆயுள் சந்தா கட்டித் தொலைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்