ஆண்டறிக்கை: சங்கத்தின் ஐரிஷ் படை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை கூட்டம் நடந்தது, அரங்க வாடகை ஏறியதா என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் அக்கா எனக்குப் பிறகு வாசிப்பார். அதனால் அவற்றை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு நம் சனிக்கிழமைகளில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஒரே விவகாரம்தான். டப்ளினில் இருக்கிறோம், மினியேச்சர் பொம்மைகளை வைத்து வரலாற்றுப் போர் ஆடுகிறோம், போட்டி என்றால் அவரவர் படையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். சங்கத்துக்கென்று ஒரு பொதுப்படை இருந்தால் புதிதாகச் சேர்ந்தவர்களும் இறங்கி ஆடலாம், அது ஐரிஷ் படையாகவே இருக்கட்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். தீர்மானம் போடுவது சுலபம். எந்தக் காலத்து ஐரிஷ் படை, எப்படி அடுக்குவது, எப்படி வண்ணம் பூசுவது என்பதில்தான் ஆண்டே போனது.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் போட்டிக்கு ஆடுவது சாகா என்ற மேசைப் போர் ஆட்டம். ஸ்டுடியோ டோமஹாக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2011இல் வெளியிட்டது, இப்போது ஆடுவது 2018இல் வந்த இரண்டாம் பதிப்பு. வைக்கிங் காலத் தொகுப்பில் 12 தரப்புகள் இருக்கின்றன, ஐரிஷ் அதில் ஒன்று. போட்டிக்குப் பெரும்பாலும் 6 பாயின்ட் படை. ஒரு பாயின்ட்டுக்கு 4 ஹார்த்கார்ட், அதாவது தலைவனின் மெய்க்காவலர். அல்லது 8 வாரியர். அல்லது 12 லெவி, அதாவது ஊரில் திரட்டிய சாதாரண ஆட்கள். வார்லார்ட், அதாவது படைத்தலைவன், இலவசமாக வருவார். ஒவ்வொரு தரப்புக்கும் தனிப் போர்டு உண்டு, பகடையை உருட்டி அதில் வைத்தால்தான் படை அசையும், அந்தப் போர்டில்தான் ஒரு தரப்பின் குணமே இருக்கிறது.

சரி, முதல் சண்டை நமக்குள்ளேயே நடந்தது. டப்ளின்காரர்கள் நாம், ஆகவே நார்ஸ் கேல், அதாவது ஐரிஷ்காரர்களோடு கலந்த வைக்கிங்குகளின் தரப்பை எடுக்க வேண்டும் என்றார்கள் சிலர். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்த நகரமே 841இல் வைக்கிங்குகள் கப்பல்களை ஒதுக்கிக் கட்டிய முகாமிலிருந்து வளர்ந்ததுதான். இன்னொரு பக்கம், ஐரிஷ் என்றாலே கனத்த கவசமும் பெரிய கோடரியுமாக நிற்கும் காலோகிளாஸ் வீரர்கள்தான், அவர்கள் இல்லாமல் என்ன ஐரிஷ் படை என்று மூத்த உறுப்பினர் ஒருவர் பிடிவாதமாக நின்றார். அவர் சொல்லும் ஆட்கள் எனக்கும் பிடித்தவர்கள்தான். ஆனால் அவர்கள் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலிருந்து வந்த கூலிப்படை. 1259இல் மேற்கு அயர்லாந்தின் கானக்ட் அரச குடும்பத்து ஏட் ஓ கானர் தீவுகளின் அரசன் ஒருவனின் மகளை மணந்தபோது சீதனமாக 160 பேர் கூடவே வந்தார்கள் என்று பழைய ஐரிஷ் ஆண்டுக் குறிப்புகள் சொல்கின்றன, அதுதான் அவர்களைப் பற்றிக் கிடைக்கும் முதல் செய்தி. வைக்கிங் காலப் படைக்குள் அவர்களைக் கொண்டுவந்தால் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இடிக்கும். போட்டியில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் வரலாற்றுப் போர் ஆடுகிறோம் என்று பெயர் வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை, குழுவும் ஒப்புக்கொண்டது. அண்ணன் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். அவருக்கு இங்கே நன்றி சொல்கிறேன்.

ஆக, 1014ஐ மையமாக வைத்தோம். அந்த ஆண்டு ஏப்ரல் 23, புனித வெள்ளி, டப்ளின் அருகே குளோன்டார்ஃப் போர். அயர்லாந்தின் உயர் அரசன் பிரையன் போரு ஒரு பக்கம். எதிரே லென்ஸ்டர் அரசன் மெயில் மோர்தா, டப்ளினின் வைக்கிங் அரசன் சிட்ரிக், ஓர்க்னி தீவுகளின் சிகுர்ட், மான் தீவிலிருந்து வந்த புரோதிர். பலர் நினைப்பதுபோல் ஐரிஷ்காரர்களுக்கும் வைக்கிங்குகளுக்கும் நடந்த நேர்ச்சண்டை இல்லை இது, லென்ஸ்டர்காரர்களும் ஐரிஷ்தானே. பிரையன் தரப்பு வென்றது, பிரையன் கொல்லப்பட்டார், நகரத்து மதிலுக்குள் தங்கிவிட்ட சிட்ரிக் அதற்கப்புறமும் 1036 வரை ஆண்டார். ஒரே படையைப் பிரையன் பக்கமாகவும் வைக்கலாம், லென்ஸ்டர் பக்கமாகவும் வைக்கலாம் என்பது ஒரு சங்கத்துக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, இந்தப் படை எப்படிச் சண்டை போடும் என்பது. ஐரிஷ் அரசர்களின் போர் பெரும்பாலும் மாடு கவர்வதுதான். புதிதாகப் பட்டம் ஏற்றவன் பக்கத்து நாட்டுக்குள் புகுந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தால்தான் அரசன் என்று மதிப்பு. வெட்சியும் கரந்தையும் படித்த நமக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. புகு, எறி, எடு, விலகு. மேசையிலும் ஐரிஷ் படையின் குணம் அதுவே: கையில் எறிஈட்டி, காடும் சதுப்பும் பக்கத்தில், எதிரி நெருங்கி வரும்வரை பொறுமை. நட்ட நடுவெளியில் கேடயச் சுவர் கட்டி நிற்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் ஆங்கிலோ டேனிஷ் படையை எடுத்துக்கொள்ளட்டும், அவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

இங்கேதான் போட்டி என்ற சொல்லின் கனம் தெரிகிறது. சங்கத்தில் ஆடும்போது காடு வேண்டும் என்றால் இரண்டு காடு வைத்துக்கொள்கிறோம். போட்டியில் பெரும்பாலும் நடத்துபவர்களே மேசையை அமைத்து வைத்திருப்பார்கள், ஒரு சுற்றில் நல்ல காடு கிடைக்கும், அடுத்த சுற்றில் ஒரு வேலியும் ஒரு குடிசையும்தான். ஐரிஷ் படையைத் தேர்ந்தெடுக்கிறவர் காட்டை நம்பிப் பட்டியல் போடக்கூடாது. இந்த ஆண்டு முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான், இப்போதும் சொல்கிறேன்.

முதலில் போட்ட பட்டியலில் ஹார்த்கார்ட் ஒரே பாயின்ட், மிச்சமெல்லாம் வாரியரும் லெவியும். ஆள் எண்ணிக்கை பார்க்க நிறைவாக இருந்தது. அதைக் கொண்டுபோன போட்டியில் நார்மன் படை வாய்த்தது. நம் வாரியர்கள் காட்டுக்குள் உட்கார்ந்துகொண்டார்கள், நார்மன் குதிரைகள் காட்டுக்குள் வரவில்லை, வரவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. எறிஈட்டி எட்டும் தூரம் 6 அங்குலம். வில் எட்டுவது 12 அங்குலம். குதிரை ஒரே அசைவில் போவதும் 12. அந்த ஆட்டத்தின் வெற்றிப் புள்ளி எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வதற்கு. ஒளிந்திருக்கும்வரை நமக்குச் சேதம் குறைவு, ஆனால் புள்ளி இல்லை. வெளியே வந்தால் வில்லாளிகள் முதலில், குதிரைகள் அப்புறம். கடைசிச் சுற்றில் வேறு வழியில்லாமல் வெளியே ஓடிய எட்டுப் பேரில் மூன்று பேர்தான் நின்றார்கள், நான்கு பேருக்குக் கீழே போனால் வாரியர் யூனிட் பகடை தராது என்பதால் போர்டும் காலியானது.

அங்கிருந்து திரும்பியதும் பட்டியலை மாற்றினோம். இப்போது சங்கத்தின் படை இதுதான்: ஹார்த்கார்ட் 2 பாயின்ட், வாரியர் 3 பாயின்ட், வேட்டை நாய்க் கூட்டத்துக்கு 1 பாயின்ட். லெவி கிடையாது. 24 வாரியர்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு யூனிட் வைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. பெரிய யூனிட் அடி தாங்கும், உண்மை. ஆனால் எட்டு எட்டாக மூன்று வைத்தால் ஒரு பகடை கூடுதல், எதிரி மூன்று இடத்தைக் கவனிக்க வேண்டும், கவர்ந்து விலகும் படைக்கு அதுவே சரி. ஹார்த்கார்ட் நான்கு பேர் கோடரியுடன், நான்கு பேர் எறிஈட்டியுடன். கோடரிக்காரர்கள்தான் வெளியில் இறங்கி முடிக்க வேண்டிய வேலையை முடிப்பவர்கள், அவர்களை முன்கூட்டியே செலவழிக்காமல் நாலாவது, ஐந்தாவது சுற்றுவரை பின்னால் வைத்திருக்கத் தெரிந்தவர்தான் இந்தப் படையை ஆளமுடியும். தனி ஆளாக நின்று சண்டை போடும் மறவர்களையும் ஐரிஷ் பட்டியல் அனுமதிக்கிறது, அவர்கள் மேல் இளைய உறுப்பினர்களுக்கு ஒரு கண் இருக்கிறது. ஆடிப் பார்க்கட்டும். போட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், ஒருவனை நம்பிப் பாயின்ட் போட்டு அவன் விழுந்தால் ஈடு செய்ய ஆள் இல்லை.

மாற்றிய பட்டியலோடு போன போட்டியில் ஆங்கிலோ டேனிஷ் படையோடு ஓர் ஆட்டம் அருமையாக அமைந்தது. அவர்கள் களைப்பு டோக்கன்களை வைத்து ஆடுகிறவர்கள், ஒரே சுற்றில் ஒரு யூனிட்டை இரண்டாம் முறை அசைத்தால் டோக்கன் விழும், அதை எடுத்து நம்மையே அடிப்பார்கள். நம் உறுப்பினர் ஒரு சுற்றில் எந்த யூனிட்டையும் இரண்டு முறை அசைக்கவே இல்லை. நாய்களை ஓரமாக விட்டு அவர்களின் கோடரி வீரர்களைத் திருப்பினார், திரும்பிய பக்கத்தில் ஈட்டி எறிந்தார், விலகினார், கடைசியில்தான் ஹார்த்கார்ட். எதிர்த்து ஆடியவர் எழுந்து கை கொடுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோப்பை வரவில்லை. படை சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

இனி பொம்மைகள். 28 மில்லிமீட்டர் அளவில் ஐரிஷ் வீரர்கள் உலோகத்தில் கிரிப்பிங் பீஸ்ட், ஃபுட்சோர், குருசேடர் நிறுவனங்களிடம் கிடைக்கிறார்கள், வார்கேம்ஸ் அட்லாண்டிக் பிளாஸ்டிக்கில் பெட்டியாகப் போடுகிறது. வாரியர்களைப் பிளாஸ்டிக்கிலும் தலைவனையும் ஹார்த்கார்டையும் உலோகத்திலும் வாங்கினோம். பிளாஸ்டிக் ஈட்டிகள் பையில் வைத்துத் தூக்கும்போதே முறிகின்றன. ஆகவே கையை ஊசித் துரப்பணத்தால் துளைத்து, மெல்லிய பித்தளைக் கம்பியைச் செருகி, முனையைச் சுத்தியால் தட்டி இலைபோல் தட்டையாக்கி ஒட்டினோம். பிள்ளைகள் அருகில் இருக்கும்போது முனையைக் கொஞ்சம் மழுங்கடித்துவிடுங்கள்.

ஆயுதத்துக்கு ஆதாரமாக ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ் என்ற பாதிரியார் 1180களில் எழுதியதை எடுத்துக்கொண்டோம்: குட்டை ஈட்டி, இரண்டு எறிஈட்டி, பெரிய கோடரி, அந்தக் கோடரி நார்வேக்காரர்களிடமிருந்து வந்தது என்கிறார். குளோன்டார்ஃபுக்கு அவர் பிந்தியவர், அயர்லாந்தின் மேல் படையெடுத்தவர்களின் உறவினர், ஐரிஷ்காரர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதியவர். அவருடைய வெறுப்பைத் தள்ளிவிட்டுக் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கோடரிக்கு அவரை நம்பியே இருக்கவும் தேவையில்லை. லாக் கொரிப் ஏரியின் அடியில் கிடந்த 11ஆம் நூற்றாண்டுப் படகு ஒன்றில் மூன்று போர்க்கோடரிகள் கிடைத்தன, ஒன்றில் செர்ரி மரக் கைப்பிடிகூட இருந்தது. அதனால் நம் ஹார்த்கார்டின் கோடரிப் பிடிகளுக்குச் சாம்பல் கலந்த பழுப்பை விட்டுச் சிவப்பு ஓடும் பழுப்பைப் பூசியிருக்கிறோம். மேசையில் யாருக்கும் தெரியாது, பரவாயில்லை. நம் பொம்மைகள் கோடரியை இரண்டு கையாலும் பிடித்திருக்கின்றன, ஆகவே அவர்களின் கேடயம் முதுகில்.

உடைக்கு ஒரே விதி. கட்டம் போட்ட பாவாடையும் நீல முகமும் வேண்டாம். அந்தக் காலத்து ஐரிஷ்காரர் உடுத்தியது லினன் அங்கியும் கம்பளிப் போர்வையும்தான், போர்வைக்கு வண்ணம் கொடுங்கள், அங்கியை வெளுப்பாகவே விடுங்கள். பொம்மைகள் நிற்கும் அடித்தட்டுகளுக்கு அடர் பழுப்பு, நடுவில் ஒரு குழி, அதில் பளபளப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு. சதுப்பு நிலம் வந்துவிடும். யாருக்காவது நிறத்தில் சந்தேகம் இருந்தால் கில்டேர் தெருவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு மதியம் செலவழியுங்கள், வைக்கிங் கால இரும்பு எப்படி இருக்கும் என்று அங்கே பார்க்கலாம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவு. ஒன்று, ஏப்ரலில் குளோன்டார்ஃப் ஆட்டம் ஒன்றைச் சங்கத்தில் வைப்பது. டிரினிட்டி கல்லூரியின் சாமுவேல் ஹாட்டன் 19ஆம் நூற்றாண்டில் அன்றைய கடல் ஏற்றத்தைக் கணக்கிட்டு, காலை 5:30க்கும் மாலை 5:55க்கும் கடல் நிறைந்திருந்தது என்று கண்டார். பழைய ஐரிஷ் நூலில் விடியலில் கடல் பொங்கியிருந்தது என்று இருப்பதோடு அது ஒத்துப்போகிறது. தோற்றவர்கள் கப்பலுக்குப் போகமுடியாமல் மாலைக் கடலில் மாட்டிக்கொண்டார்கள். மேசையின் ஒரு விளிம்பைக் கடற்கரையாக்கி, சுற்றுக்குச் சுற்று தண்ணீர் உள்ளே ஏறுவதுபோல் நீலத் துணியைத் தள்ளிக்கொண்டு வரலாம் என்பது என் யோசனை. கரை அட்டை செய்ய ஒருவர் வேண்டும்.

இரண்டாவது, நார்ஸ் கேல் கேட்டவர்களுக்காக அதே பெட்டியில் 8 வாரியர்களைக் கூடுதலாகச் சேர்ப்பது. செலவைப் பொருளாளர் அக்கா சொல்வார், வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

படைப்பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. போட்டிக்கு எடுத்துப்போக விரும்புபவர்கள் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள், முறிந்த ஈட்டி எதுவும் இருந்தால் சரி செய்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்