கொட்டேஷனை மாற்று, கயல்

அன்பு மகள் கயலுக்கு,

புதுக் கம்ப்யூட்டருக்காக நீ அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்தேன். பட்ஜெட்டில் பாதி கிராஃபிக்ஸ் கார்டுக்கே போகிறது. ரேம் வெறும் 32 ஜிபி. நீ செய்யப்போவது நியூக் சாஃப்ட்வேரில் கம்பாசிட்டிங், அதாவது தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாக இணைக்கும் வேலை. கேமுக்குச் சேர்க்கிற மெஷின் இதற்கு ஆகாதும்மா.

ஒரு ஃபிரேமை எடுத்துக் கணக்குப் போடு. 4096க்கு 2160 பிக்சல், நாலு சேனல், சேனலுக்கு 16 பிட் (ஹாஃப் ஃப்ளோட்): அந்த ஃபிரேமைச் சேமிக்கும் இஎக்ஸ்ஆர் ஃபைல், சுருக்காமல் சுமார் 71 எம்பி. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 1.7 ஜிபி. நியூக் உள்ளே 32 பிட்டில் கணக்கிடுவதால் அதே ஃபிரேம் இரட்டிப்பாகும். பத்து நொடி ஷாட்டை அந்த அளவிலேயே கேஷ் செய்தால், அதாவது தடையின்றி ஓட்டிப் பார்க்க ரேமில் வைத்தால், 34 ஜிபி. கம்ப்யூட்டரில் உருவாக்கிய சிஜி ரெண்டரில் டெப்த், நார்மல், கிரிப்டோமேட் போன்ற கூடுதல் தகவல் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து வந்தால் இன்னும் ஏறும். ஆகவே 64 ஜிபிக்குக் குறையாதே, முடிந்தால் 128.

64 வாங்கினால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்கு. டிடிஆர்5 வகை ரேம் போடும் போர்டில் நாலு ஸ்டிக் போட்டால் வேகம் இறங்கும். பின்னால் ஏற்ற வேண்டி வந்தால் அந்த இறக்கம் பரவாயில்லை, ரேம் போதாமல் திணறுவது அதைவிடக் கொடுமை.

டிஸ்க்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். மேலே சொன்ன 1.7 ஜிபியை அதால் தர முடியாது. அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி இரண்டு போடு: ஒன்று விண்டோஸுக்கும் சாஃப்ட்வேருக்கும், இன்னொன்று ஃபுட்டேஜுக்கும் கேஷுக்கும். இரண்டாவதன் சிப் டிஎல்சி வகையா என்று கேட்டு வாங்கு. இன்னொரு வகையான க்யூஎல்சி முதலில் வேகமாக எழுதும், உள்கேஷ் நிரம்பியதும் படுத்துவிடும். இஎக்ஸ்ஆர் எழுதும்போது சுருக்கும் முறையை ஜிப் 1 ஸ்கேன்லைன் (ஒவ்வொரு வரியாகச் சுருக்குவது) என்று வை; நியூக் வரி வரியாகப் படிப்பதால் 16 வரிகளைச் சேர்த்துச் சுருக்கும் ஜிப் 16ஐவிட அது சுலபமாகத் திறக்கும்.

பிராசஸர் 12 முதல் 16 கோர் போதும், கிளாக் வேகம் நன்றாக இருக்கட்டும். கார்டு என்விடியாவே எடு, மாடலைவிட அதன் நினைவகத்தைப் பார், 12 ஜிபிக்குக் குறையாமல். நியூக்கில் உள்ள காப்பிகேட் என்ற ஏஐ கருவிக்குப் பயிற்சி கொடுக்கும்போது நினைவகம் நிரம்பினால் வேலை பாதியில் நின்றுவிடும்.

யுபிஎஸ் பியூர் சைன் வேவ் வகையாக (மெயின் கரண்டைப் போலச் சீரான அலையாகத் தருவது) வாங்கு; மலிவானவற்றோடு சில பவர் சப்ளைகள் ஒத்துப்போகாமல், கரண்ட் போன நொடியிலேயே மெஷின் அணைந்துவிடும்.

போர்டின் மேனுவலையும் ஒருமுறை படி. சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் டிஸ்க் போட்டால் கிராஃபிக்ஸ் கார்டின் லேன் (டேட்டா போகும் பாதை) 16இலிருந்து 8 ஆகிவிடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் மாற்றிய கொட்டேஷனை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா