கமெண்டுக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொறியியல் கல்லூரிகளில் நிரலாக்க ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 'ஐ++' என்ற வரிக்குப் பக்கத்தில் 'ஐ-யுடன் ஒன்றைக் கூட்டுகிறோம்' என்று கமெண்ட் (நிரலைப் படிப்பவருக்காக அதற்குள்ளேயே எழுதும் விளக்கக் குறிப்பு) எழுதினால் ரெக்கார்டு நோட்டில் டிக் விழுகிறது. நிரலே சொல்வதைத் திருப்பிச் சொல்லும் அந்தப் பழக்கம் வேலைக்கும் கூடவே வருகிறது. சம்பளக் கணக்கு மென்பொருளைப் பராமரிப்பவர்கள் நாங்கள். ஆகவே எங்கள் துறையிலிருந்தே உதாரணம் தருகிறோம்.

2014 செப்டம்பர் முதல் 2016 டிசம்பர் வரை பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) ஊதிய வரம்பும் 15,000 ரூபாய், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்பும் 15,000 ரூபாய். 2017 ஜனவரியில் இ.எஸ்.ஐ. மட்டும் 21,000 ஆனது. இரண்டுக்கும் பொதுவாக 'லிமிட்' என்று ஒரே வேரியபிள் (நிரலில் ஒரு மதிப்புக்கு வைக்கும் பெயர்) இருந்தால், அதை மாற்றும்போது பி.எஃப். பிடித்தமும் கெடும். வெறும் 15000 என்றே ஆங்காங்கே எழுதியிருந்தால் இன்னும் மோசம்: எது எந்த 15000 என்று ஒவ்வொன்றாகத் துருவ வேண்டும். 'ஃபிஃப்டீன்_தவுசண்ட்' என்று பெயர் வைப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'பிஎஃப்_வேஜ்_லிமிட்', 'இஎஸ்ஐ_வேஜ்_லிமிட்' என்ற இரண்டு பெயர்களும் மதிப்பு ஒன்றாக இருந்த காலத்திலேயே தனித்தனியாக இருந்திருக்க வேண்டும்.

அலகும் பெயரிலேயே இருக்கட்டும். தொழிலாளியின் இ.எஸ்.ஐ. பங்கு 2019 ஜூலையிலிருந்து 0.75 சதவீதம். 'ரேட் = 0.75' என்றால் அது சதவீதமா, பின்னமா? தவறாகப் பெருக்கினால் 20,000 ரூபாய் சம்பளத்தில் 150-க்குப் பதில் 15,000 போய்விடும். 'ரேட்_பெர்சன்ட்' என்றால் குழப்பமில்லை. மூன்று வரி லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதியில்) எண்ணிக்கைக்கு 'ஐ' என்ற பெயரே போதும், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை.

கமெண்ட் தேவைப்படும் இடம் வேறு. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான். ஆனால் ஜூலையில் சம்பளம் 22,000 ஆகி வரம்பைத் தாண்டினாலும் செப்டம்பர் 30 வரை இ.எஸ்.ஐ. பிடித்தாக வேண்டும், அதுவும் முழுச் சம்பளத்துக்கு. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று பங்களிப்புக் காலம் இரண்டு. ஆகவே நிரல் நடப்பு மாதத்தைப் பார்க்காமல், காலத் தொடக்கத்தின் ஊதியத்தைப் பார்க்கும். புதிதாக வருபவருக்கு இது பிழையாகவே தெரியும், 'திருத்தி'யும் விடுவார். 'பங்களிப்புக் காலத்தின் நடுவில் வரம்பைத் தாண்டினாலும் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். இங்கே நடப்பு மாத ஊதியத்தை ஒப்பிடாதீர்கள்' என்று எழுதி, விதி எண்ணையும் சேர்த்தால் அவர் கை நின்றுவிடும். நிரலை மாற்றியவர் இந்தக் கமெண்டை மாற்றாமல் விட்டால் அது இல்லாததைவிடக் கெடுதல். ஆகவே நிரல் மாற்றமும் கமெண்ட் மாற்றமும் ஒரே கமிட்டில் (ஒரே பதிவாகச் சேமிக்கும் மாற்றத்தில்) போகட்டும். கமெண்டாக்கி ஒதுக்கிய பழைய நிரலை நீக்கிவிடலாம், நிரலின் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் 'கிட்' (Git) மென்பொருள் அதை வைத்திருக்கும்.

உங்களிடம் கேட்பது இதுதான். வரியைத் திருப்பிச் சொல்லும் கமெண்டுக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். ஒரு மாணவர் எழுதிய நிரலை அடுத்த வாரம் இன்னொருவரிடம் கொடுத்து, வரம்பு ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். எத்தனை இடத்தில் கைவைத்தார் என்று எண்ணி, மதிப்பெண்ணை முதலில் எழுதியவருக்குப் போடுங்கள். வைவாவில் ஒரு வரியைக் காட்டி, 'இதை எடுத்துவிட்டால் என்ன கெடும்?' என்று கேளுங்கள். நிரலிலிருந்து பதிலைப் படித்தறிய முடியாவிட்டால், அங்கேதான் கமெண்ட் வேண்டும்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கு மென்பொருள் பராமரிப்பாளர்கள்